கிட்டார் பதிவுக்கு 1,450 வெள்ளி செலவழிக்க வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) வைத்த அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று, அண்ணனின் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று, 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் மடிக்கணினி, இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. நானே போட்ட மெட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்ய ஆசை. எலெக்ட்ரிக் கிட்டாரை மடிக்கணினியின் மைக் துளையில் சொருகிப் பார்த்தால் கொசு பாடுவது மாதிரி கேட்கிறது. ஈப்போவில் ஒரு கடையில் இண்டர்பேஸ் (கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக், ஹெட்போன், மென்பொருள் எல்லாம் சேர்த்து 1,450 வெள்ளி என்றார்கள். கணினியையும் மாற்றச் சொன்னார்கள். இணையத்தில் ஒருவர் 25 வெள்ளிக்கு எல்லா ஸ்டூடியோ மென்பொருளும் பென்டிரைவில் தருகிறார். கையில் 600 வெள்ளிதான் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, கணினியைத் தொடாதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற தரத்தில் பதிவு செய்தால் ஒரு கிட்டார் டிராக் (தனியாக எடுத்த ஒரு பதிவு) நிமிடத்துக்கு 8.6 எம்பி அளவு இடம் பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டில் எட்டு டிராக் போட்டாலும் 280 எம்பிக்குள் அடங்கிவிடும். அத்தை வீட்டுக் கல்யாண வீடியோ இதைவிடப் பெரிதாக இருக்கும்.

கொசுச் சத்தத்துக்குக் காரணம் நீங்கள் சொருகிய துளைதான். எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. அதன் சிக்னல் மெலிந்தது. 1 மெகாஓம் அளவு மின்மறுப்பு (சிக்னலுக்குத் துளை காட்டும் எதிர்ப்பு) உள்ள துளையில் கொடுத்தால்தான் முழுக் குரலும் வரும். மடிக்கணினியின் மைக் துளை, ஹெட்செட்டில் பேசுவதற்காகச் செய்தது. அதில் சொருகினால் கிட்டாரின் மேல் சுரங்கள் அமுங்கி, இரைச்சல்தான் மேலே வரும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது யூஎஸ்பி ஆடியோ இண்டர்பேஸ், அதுவும் சின்னது. போகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி ஒரு மைக் துளை, ஒரு கிட்டார் துளை உள்ளது போதும். ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று ஒரு பொத்தானோ குறியோ இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அண்ணனின் கிட்டாருக்கு அதை அழுத்த வேண்டும். அக்கூஸ்டிக்கில் பேட்டரி போடும் பிரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சின்னக் கருவி) இருந்தால் சாதாரண லைன் துளையே போதும்.

இன்னொரு குறியையும் தேடுங்கள்: ‘டைரக்ட் மானிட்டர்’. நீங்கள் வாசிப்பது கணினிக்குள் போய்த் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (கணினி ஒரே தடவையில் சேர்த்து எடுக்கும் ஒலித் துளிகளின் எண்ணிக்கையை) 1,024 என்று வைத்தால் ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்ட் தாமதம். ஏழு மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு வாசிப்பது மாதிரி இருக்கும், தாளம் நழுவிவிடும். 128 என்று குறைத்தால் 3 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும், ஆனால் கணினி திணறினால் படபடவென்று சத்தம் வெடிக்கும். டைரக்ட் மானிட்டர் இருந்தால் கிட்டார் சத்தம் கணினிக்குள் போகாமல் நேரே காதுக்கு வரும்.

கண்டென்சர் மைக் இப்போது வேண்டாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு காலத்தில் ஆசையாக வாங்கி லயத்து வீட்டில் வைத்தேன். அது என் கிட்டாரைவிட ஆலைச் சங்கையும் பக்கத்து வீட்டுச் சேவலையும்தான் நன்றாகப் பதிவு செய்தது. தகரக் கூரையில் மழை இறங்கினால் அன்றைய வேலை முடிந்தது. பிக்கப் வழியாக நேரே எடுத்தால் மழையும் காத்தாடியும் உள்ளே வராது. பிறகு பாடவும் ஆசை வந்தால், சுற்றுச் சத்தத்தை அவ்வளவாக இழுக்காத டைனமிக் மைக் ஒன்று பார்க்கலாம். ஷ்யூர் எஸ்எம்57 1965-லிருந்து விற்பனையில் இருக்கிறது, இன்றும் நம்பி வாங்கலாம். அதற்குப் போலிகள் நிறைய, அதனால் விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் விலகிவிடுங்கள்.

மென்பொருளுக்கு இப்போதைக்கு ஒரு சென் கூடக் கொடுக்காதீர்கள். ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் 60 நாள் முழு வசதியோடு இலவசமாக ஓடும், இறக்கும் கோப்பு 20 எம்பி கூட வராது, தோட்டத்து இணையத்துக்கே போதும். பிடித்துப்போனால் தனியாளுக்கு உரிமம் 60 அமெரிக்க டாலர். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப் சத்தம் வேண்டுமா? ஆம்ப் மாதிரியே சத்தம் தரும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசம். ஆடாசிட்டியும் இலவசம்தான், வெட்டி ஒட்ட அருமை, ஆனால் பல டிராக் அடுக்கிப் பாட்டு கட்ட ரீப்பரே சௌகரியம். கராஜ்பேண்ட் ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான் ஓடும். அப்புறம், பல இண்டர்பேஸ்களோடு ஏபிள்டன் லைவ் லைட் போன்ற மென்பொருள் கூடவே வருகிறது. கடைக்காரர் பில்லில் மென்பொருளுக்குத் தனி விலை போட்டிருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள், பேச்சு மாறும்.

25 வெள்ளி பென்டிரைவ் திருட்டுச் சரக்கு. அதோடு என்ன வைரஸ் வரும் என்று விற்பவருக்கே தெரியாது.

மிச்சக் காசில் காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன் ஒன்றும், இரண்டு கிட்டாருக்கும் புதுக் கம்பியும் வாங்குங்கள். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம், அதன் தாமதம் தனிக் கதை. வாசிக்கும்போது ‘ம்ம்’ என்று உறுமல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேள்வி: பீடோரில் இருக்கிறேன். ஒரு கடையில் வாங்கிய புது இண்டர்பேஸில் ஒரு துளை வேலை செய்யவில்லை. “விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது” என்று பில்லைக் காட்டுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அம்மா. பழுதான பொருள் விஷயத்தில் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையைப் பில்லில் அச்சடித்துப் பறிக்க முடியாது. முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்சப் போதும். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இது கடையில், வியாபாரியிடம் வாங்கினால்தான். தெரிந்தவரிடம் பழசு வாங்கியிருந்தால் இந்த வழி உதவாது. அங்கே காசு கொடுக்கும் முன்பே எல்லாத் துளையிலும் சொருகி வாசித்துப் பார்ப்பதுதான் வழி.