வாசலில் நின்று பார்த்தால் போதுமா?

கேள்வி: சபையில் வேதாகம வகுப்பு எடுக்கிறேன். உறவுதான் மனிதனை ஆளாக்குகிறது என்று போதிப்பவன். மறதி நோயில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு வருடமாக என்னை அடையாளம் தெரியவில்லை. கூடவே இருக்கும் அக்காவையும் தெரியாது. உறவே அற்றுப்போன பிறகு அவரிடம் ஆள்தத்துவம், அதாவது ஓர் ஆளாக இருக்கும் தன்மை, மிச்சமிருக்கிறதா? போன மாதம் போனபோது அக்கா அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பதில்: இதே கேள்வியோடு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. ஆறுதல் சொல்லப் போவதில்லை. அந்த நகவெட்டியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அன்றைக்குச் செருப்பையாவது கழற்றினீர்களா?

உறவு அற்றுவிட்டது என்கிறீர்கள். அக்காவையும் அம்மாவுக்குத் தெரியாதே, அங்கே ஏன் அறவில்லை? யாரென்றே தெரியாத ஒருத்தியின் மடியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அம்மா. அவள் ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டுகிறாள். அதற்குப் பெயர் உறவு இல்லையென்றால் வகுப்பில் எதைத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

'ஆள்' என்பதற்கு, ஆதித் திருச்சபையின் ஆசிரியர்களான கிரேக்க சபைப் பிதாக்கள் கையாண்ட சொற்களில் ஒன்று புரொசோப்பொன். முகம் என்று பொருள். உங்களுக்குத் தெரியாததா! வாசலில் நின்றவர் அம்மாவுக்கு எந்த முகத்தைக் காட்டினீர்கள்? ஆறாம் நூற்றாண்டில் ரோமானியத் தத்துவஞானி போயத்தியஸ், பகுத்தறியும் இயல்புள்ள தனி இருப்பே ஆள் என்றார். அவர்கூட இயல்பு என்றுதான் சொன்னார், ஞாபகசக்தி என்று சொல்லவில்லை. ஆதியாகமம் 1:27-இல் மனிதன் தேவசாயலைப் பெறும்போது அவன் இன்னும் யாரையும் அறிந்திருக்கவில்லை. தேவன்தான் அவனை அறிந்திருந்தார். நீங்களோ அம்மாவுக்குப் பரீட்சை வைத்து, தேறவில்லை என்று திரும்பிவிட்டீர்கள்.

நான்காம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்குகள் எழுதிய பசிலியார், தன்னந்தனியாக வாழ நினைப்பவரைப் பார்த்து, அப்படியானால் யாருடைய காலைக் கழுவுவாய் என்று கேட்டார். உங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. கழுவ வேண்டிய கால் உங்கள் கண்ணெதிரே நீட்டியிருந்தது.

பெற்றவளைப் பார்த்துக்கொள்வது மகள் வேலை, அவளைப் பற்றி ஆராய்வது மகன் வேலை என்று எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறது? எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, இந்த வாரம் வகுப்பை வேறு யாரிடமாவது விடுங்கள். அக்காவை ஒருநாள் தூங்கச் சொல்லிவிட்டுத் தரையில் உட்காருங்கள். வயதானவர்களுக்குக் கட்டைவிரல் நகம் தடித்திருக்கும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறட்டும். அப்புறம் நேராக வெட்டுங்கள், ஓரத்தை ஒட்டி வெட்டாதீர்கள்.