ஸ்டிக்கரின் முதுகைக் கீற எந்தக் கருவி? வாசகர் கேள்வி பதில்

ஒரே விஷயத்தைச் சுற்றிப் பல கடிதங்கள் வந்திருந்ததால், இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்டிக்கரின் பின்தாளை, அதாவது ஒட்டும் முன் உரித்து எறிகிற தாளை, எளிதாக உரிய வைக்கக் கீறுவது பற்றி மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வட்டமும் கோணல்மாணல் வடிவமுமாக வினைல் (பிளாஸ்டிக் படலம்) ஸ்டிக்கர் அச்சடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டிக் கொடுக்கிறோம். வாங்குகிறவர்கள் "உரிக்கவே வரவில்லை, நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஓரமே பிய்ந்துவிட்டது" என்கிறார்கள். பின்தாளில் கட்டரால் ஒரு கீறல் போட்டுப் பார்த்தோம். சிலவற்றில் கீறல் முன்பக்கம் வரை தெரிகிறது, சிலவற்றில் தாள் பிரியவே இல்லை. எந்தக் கருவி வாங்கலாம்?

கருவிக்கு அப்புறம் வருவோம். உங்கள் பின்தாள் என்ன ரகம் என்று எழுதவே இல்லையே! அதைப் பார்க்காமல் கருவி தேடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

சாதாரண அச்சு வினைல் 80 முதல் 100 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) பருமன் இருக்கும். அதன் அடியில் பசை, ஏறக்குறைய 20 மைக்ரான். அதற்கும் அடியில் சிலிக்கோன் பூசிய பின்தாள். அது வழவழப்பான மெல்லிய கிளாசின் தாளாக இருந்தால் 50, 60 மைக்ரான்தான், பிளாஸ்டிக் பூசிய கிராஃப்ட் தாளாக இருந்தால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, பிளேடு பின்தாளை முழுக்கத் தாண்டி வினைலைத் தொடாமல் நிற்க வேண்டுமென்றால், அதற்குக் கிடைக்கும் இடம் அந்தப் பசையின் பருமன் மட்டுமே. தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. கையால் அழுத்திக் கீறும்போது ஒன்று ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் போவதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் காகிதப் பின்தாள் ஒரு சலுகை தருகிறது: அதை முழுக்க வெட்ட வேண்டிய அவசியமில்லை. முக்கால்வாசி ஆழத்துக்குக் கீறிவிட்டு, கீறல் வெளிப்புறம் வருமாறு ஸ்டிக்கரை லேசாக மடக்கினால் மீதி நார் தானே பட்டென்று பிளந்துகொள்ளும். அதனால் குறி பசையை நோக்கி இருக்க வேண்டாம், தாளுக்குள்ளேயே நிற்கட்டும். இது ஒன்று பிடிபட்டால் கருவித் தேர்வு பாதி முடிந்த மாதிரி, ஏனென்றால் இனி நீங்கள் தேட வேண்டியது கூர்மையை அல்ல, ஒரே ஆழத்தில் நிற்கிற குணத்தை.

கொஞ்சம் ஸ்டிக்கர்தான் என்றால் 9 மி.மீ. கட்டர் போதும். அதில் 30 டிகிரி முனை உள்ள பிளேடு போடுங்கள். பெரிய 18 மி.மீ. கட்டரை எடுத்தாலே கை தானாக அழுத்தும், இந்த வேலைக்கு அது வேண்டாம். முனையை ஒடித்து ஒடித்துப் புதுக் கூர் எடுக்கும் இந்த ரகக் கட்டர் 1956-ல் ஜப்பானில் பிறந்தது. அதன் பயனே ஒடிப்பதில்தான் இருக்கிறது, ஆனால் பிளேடை ஒடிக்கத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை. மழுங்கிய முனைக்கு அழுத்தம் வேண்டும், அழுத்தினால் ஆழம் கைவிட்டுப் போகும். கட்டரைப் படுக்கை வாட்டில் பிடித்து, ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி, கட்டரின் சொந்த எடையிலேயே ஒரே இழுப்பு. இரண்டாவது முறை அதே கோட்டில் போகவே கூடாது.

அடியில் கட்டிங் மேட் போடாதீர்கள் என்பேன், பலரும் இதை ஏற்கமாட்டார்கள். மேட் மெத்தென்று இருப்பதால் பிளேடு போகும் இடத்தில் ஸ்டிக்கர் அமுங்குகிறது, ஆழம் மாறுகிறது. தடித்த கண்ணாடிப் பலகை மேல் வைத்துக் கீறுங்கள். பிளேடு கண்ணாடியைத் தொடப்போவதே இல்லை, அதனால் மழுங்கும் என்ற பயம் வேண்டாம். கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு ஸ்டிக்கரைக் குப்புற வையுங்கள், ஏனென்றால் அடியில் ஒரு தூசி மணி இருந்தாலும் அந்த இடம் மேடாகி, பிளேடு அங்கே மட்டும் வினைலுக்குள் இறங்கிவிடும்.

எண்ணிக்கை கூடினால் கையை நம்புவதை விட்டுவிட்டு ஆழம் நிர்ணயிக்கிற கருவிக்குப் போங்கள். தட்டையான அடிப்பாகத்திலிருந்து பிளேடு முனை மட்டும் துளி வெளியே நிற்கும், திருகைத் திருப்பி அதைக் கூட்டலாம், குறைக்கலாம். கையில் பிடித்து இழுக்கிறதும் உண்டு, உருளைகளுக்கு நடுவே ஸ்டிக்கர் தாளை விட்டு இழுக்கிற மேஜை ரகமும் உண்டு. வாங்கும்போது ஒன்றை மட்டும் சோதியுங்கள்: திருகை இறுக்கிய பிறகு பிளேடை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் வாங்காதீர்கள், மற்றபடி அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

ஆழம் சரியா என்று பார்க்க, ஸ்டிக்கரை உரித்து, கீறல் இருந்த கோட்டுக்கு இரு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். வினைலில் பிளேடு பட்டிருந்தால் சரியாக அந்தக் கோட்டிலேயே கிழியும். இன்னொரு அடையாளம், பிளேடு நுனியில் பசை ஒட்டுவது. பசை ஒட்டினால் ஆழம் அதிகம், அவ்வளவுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு முனையைக் கொஞ்சம் உள்ளே இழுங்கள்.

கேள்வி: வினைலுக்கும் பின்தாளுக்கும் நடுவே நுழைத்து இழுக்கும் சின்னக் கட்டர் இருக்கிறதாமே, அது ஸ்டிக்கருக்கு ஆகுமா?

பெரிய பரப்புக்கு அருமையான கருவி. அதன் மழுங்கிய நாக்கு பின்தாளைத் தூக்கிக் கொடுக்க, பிளேடு தாளை மட்டும் வெட்டிக்கொண்டு போகும், ஆழத்தைப் பற்றிய கவலையே கிடையாது. வண்டிக்கும் சுவருக்கும் படம் ஒட்டுகிறவர்கள் இதனால்தான் அதை விடமாட்டார்கள். ஆனால் நாக்கு நுழைய ஓரத்தில் தாளைப் பிரித்தாக வேண்டும், பிறகு பிரிந்த இடத்தை மறுபடி படிய வைக்க வேண்டும். உள்ளங்கை அளவு ஸ்டிக்கரில் இதைச் செய்தால் பசையில் தூசியும் கைரேகையும்தான் மிஞ்சும். தவிர, ஓரத்தை உங்களால் பிரிக்க முடிகிறது என்றால் வாடிக்கையாளருக்கு அந்தக் கீறலே தேவைப்பட்டிருக்காதே!

கேள்வி: எங்களிடம் பிளாட்டர் (கணினி சொல்லும் கோட்டில் பிளேடை ஓட்டும் இயந்திரம்) இருக்கிறது. அதிலேயே பின்பக்கம் கீற முடியுமா, முன்பக்கப் படத்தோடு பொருந்த வைப்பது எப்படி?

முடியும். பொருத்தம் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். கீறல் ஸ்டிக்கரின் குறுக்கே எங்கேயாவது போனால் போதும் என்பதால், ஸ்டிக்கர்களைத் தனியாக வெட்டுவதற்கு முன் முழுத் தாளையும் குப்புற வைத்து, இணைகோடுகளை வரிசையாக ஓட விடுங்கள். ஒவ்வொரு ஸ்டிக்கர் மீதும் ஒரு கோடாவது விழுகிற மாதிரி இடைவெளியை அமைத்தால், அச்சிலுள்ள குறியடையாளத்தை இயந்திரம் படித்துப் பொருத்தும் வேலையே இல்லை. பிளேடு 45 டிகிரி போதும், தடித்த கிராஃப்ட் தாளென்றால் 60. அழுத்தத்தைக் குறைவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றி, மடக்கினால் பிளக்கிற முதல் அளவில் நிறுத்திவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: தாளை இழுக்கும் உருளைகள் சொரசொரப்பானவை, இப்போது அவற்றின் மேல் உங்கள் அச்சுப் பக்கம் இருக்கிறது. உருளை ஓடும் இடத்தில் படம் வராமல் ஓரம் விடுங்கள்.

அப்புறம், லேமினேஷன் உண்டென்றால் அதை முடித்துவிட்டுக் கீறுங்கள். கீறிய தாளை லேமினேஷன் உருளைக்குள் விட்டால் கீறல் வாய் திறந்து, முன்பக்கத்தில் தடம் விழும்.

கேள்வி: எங்கள் பின்தாள் காகிதமே இல்லை, தெளிவான பிளாஸ்டிக். கீறி மடக்கினாலும் பிளக்கவில்லை.

பிளக்காது. அது பாலியெஸ்டர் படலம், நார் இல்லை, அரைகுறைக் கீறல் அதில் செல்லாது. முழு ஆழத்துக்கு வெட்டினால்தான் பிரியும். அந்தப் படலமே பெரும்பாலும் 23 முதல் 36 மைக்ரான்தான் என்பதால் கைக்கட்டரை மறந்துவிடுங்கள். இயந்திரத்தில் வெட்டித் தருகிறவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் பின்தாளை மாற்றுங்கள். நானாக இருந்தால் மாற்றிவிடுவேன்.

கேள்வி: துளைப்புள்ளி போடும் சக்கரம், ரோட்டரி கட்டர் (உருளும் வட்டப் பிளேடு) இவற்றைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். புள்ளிச் சக்கரத்தின் பற்கள் வினைலையும் குத்தும். ரோட்டரி கட்டரை அழுத்தம் மட்டுமே நடத்துகிறது, அதை ஒரே அளவில் நிறுத்த யாராலும் முடியாது.

கேள்வி: கீறலை நடுவில் போடுவதா, ஓரத்திலா? ஒன்று போதுமா?

நடுவில் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போட்டால், சின்னத் துண்டை முதலில் உரித்து ஒட்டி இடம் பார்த்துக்கொண்டு, பெரிய துண்டைப் பிறகு உரிக்கலாம். கோடு ஓரத்திலிருந்து ஓரம் வரை போகட்டும், அகலமான பகுதியில் குறுக்கே வரட்டும். நட்சத்திரம் மாதிரி வடிவத்தில் ஒரு முனையின் நுனி மட்டும் துண்டாகிற மாதிரி போட்டுவிட்டால் உரிக்கப் பிடி கிடைக்காது. சிலர் நெளிகோடு போடுவார்கள், மடக்கும்போது விளிம்பு துருத்திக்கொண்டு விரலுக்கு அகப்படும். பிளாட்டர் இருந்தால் அதை முயலலாம், கையால் வேண்டாம். பெரிய ஸ்டிக்கர் தவிர மற்றவற்றுக்கு ஒரு கீறலே தாராளம்.

கேள்வி: கீறி அடுக்கி வைத்த ஸ்டிக்கர்கள் சில நாளில் தானாக வாய் திறந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கருவிக் கோளாறா?

இல்லை, ஈரம். காகிதப் பின்தாள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து விரியும், வினைல் விரியாது, அதனால் ஸ்டிக்கர் வளையும், கீறல்தான் முதலில் திறக்கும். கீறிய கையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, மேலே தட்டையான பாரம் வையுங்கள். மடக்கிப் பிளக்கிற வேலையை நீங்கள் செய்யாதீர்கள், அதை வாங்குகிறவர் ஒட்டும் நேரத்தில் செய்துகொள்ளட்டும். முழு ஆழத்துக்கு வெட்டியவை வாய் திறப்பதுபோல முக்கால் ஆழக் கீறல்கள் அவ்வளவு சுலபத்தில் திறப்பதில்லை.