மட்பாண்ட வகுப்புக்கு முழுக் காசையும் முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகளை மட்பாண்ட வகுப்பில் சேர்க்க நினைக்கிறேன். வீட்டுக்குக் கிட்ட ஓர் இடத்தில் மூன்று மாதக் கட்டணத்தை ஒரேயடியாகக் கேட்கிறார்கள். சக்கரங்கள் எல்லாம் புத்தம் புதிது. மகளுக்கு இடைக்கிடை வீசிங் வரும். காசு கட்ட முன் எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: முதலில் சூளையைக் காட்டச் சொல்லுங்கள். சக்கரம் எவ்வளவு புதிதாக இருந்தாலும், சுடாத கோப்பை தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். முதல் சூட்டுக்கு ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் வேண்டும். கிளேஸ் எனும் கண்ணாடி போன்ற மினுக்குப் பூச்சைப் பூசிய பிறகு இன்னொரு சூடு. கூடிய சூட்டில் சுடும் ஸ்டோன்வெயார் மண்ணென்றால் அது 1200க்கு மேல். இந்த இரண்டு சூடும் கட்டணத்தில் அடங்குமா, புறம்பாகக் கேட்பார்களா? அதிகமாகத் தகராறு வருவது இந்த இடத்தில்தான். சொந்தச் சூளை இல்லாமல் வெளியே கொடுத்துச் சுடுவது குறையல்ல. ஆனால் போகும் வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டுவிடுங்கள்.

கொழும்பு மழைக்காலத்தில் மண் லேசில் காயாது. ஈரத்தோடு சூளைக்குள் வைத்தால் உள்ளே நீராவி கட்டி வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் சாமானும் சேர்ந்து உடையும். எனவே காயவைக்கப் போதிய தட்டுகள் உண்டா என்று பாருங்கள். கடைசி வாரத்தில் செய்தவை வகுப்பு முடிந்த பிறகுதான் சுடப்படும். அவற்றை எப்போது தருவார்கள்?

சக்கரத்தை மகளே சோதிக்கலாம். மெதுவாக ஓடவிட்டு, பெரிய மண் உருண்டையை நடுவில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தட்டும். வேகம் விழுந்தால் மோட்டாருக்குப் பலம் போதாது. ஒரு சக்கரத்துக்கு எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள்.

வீசிங் இருப்பதால் எனக்குப் பெரிய கவலை தூசிதான். காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நாட்பட நுரையீரலைக் கெடுக்கும். வகுப்பு முடியும் நேரமாகப் பார்த்துப் போங்கள். தும்புத்தடியால் கூட்டுகிறார்களென்றால் அந்த இடம் வேண்டாம். ஈரத்துணியால் துடைக்க வேண்டும்; காய்ந்த பாத்திரத்தை வகுப்பறைக்குள் வைத்து உரசித் தேய்க்கக் கூடாது. சூளை தனி அறையில், புகை வெளியேறும் வசதியோடு இருக்க வேண்டும். சேர்க்க முன் அவளைப் பார்க்கும் டொக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். செய்த கோப்பையில் தேநீர் குடிக்கப் போகிறாளென்றால், கிளேஸில் ஈயம் இல்லை என்பதை டப்பாவின் லேபிளில் காட்டட்டும்.

கட்டணத்தை மாதா மாதம் கட்டக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் மண், கிளேஸ், சூடு மூன்றும் அடக்கம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பிரச்சினை வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். சேவை கிடைத்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதால், வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.