லண்டனிலிருந்து பரி செயிண்ட் எட்மண்ட்ஸ்: ஞாயிறு வேண்டாம், சனி போங்கள்

இங்கிலாந்தின் பரி செயிண்ட் எட்மண்ட்ஸ் ஊருக்கு ஞாயிறு காலை கிளம்பலாமா, முழங்கால் வலியுள்ள அம்மாவுக்குச் சரிப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சரிப்படும், ஆனால் சனிக்கிழமை போங்கள். அந்த ஊர்ச் சந்தை புதனும் சனியும்தான் கூடுகிறது. ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்பு என்று ரயிலுக்குப் பதில் பேருந்தில் ஏற்றிவிடுவதும் உண்டு, அம்மாவுக்கு அது கஷ்டம்.

நேரடி ரயில் கிடையாது. லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஏறி இப்ஸ்விச்சில் மாறுங்கள். அங்கே லிஃப்ட் இருக்கிறது. மாறும் இடத்தில் உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்யலாம், இலவசம். ஆறு வயதுப் பையனும் வருவதால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு என்ற சலுகை அட்டையை வாங்குங்கள்: கட்டணத்தில் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைக்கு 60 சதவீதம் குறையும்.

நிலையத்திலிருந்து சந்தைக்குக் கால்மணி நேர நடை. அம்மாவுக்காக டாக்ஸி பிடித்துவிடுங்கள். சந்தையை முதலில் முடித்துவிட்டு, மதியத்தை அபே தோட்டத்துக்கே கொடுங்கள். நுழைவு இலவசம், உட்கார பெஞ்சுகள் உண்டு. 1539இல் மன்னர் எட்டாம் ஹென்றி மூடிய மடத்தின் இடிபாடுகள் புல்வெளியில் நிற்கின்றன. அதன் மேற்கு முகப்புச் சுவருக்குள்ளேயே பிற்காலத்தில் வீடுகள் கட்டியிருக்கிறார்கள். அதை மட்டும் தவறவிடாதீர்கள், எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான். பக்கத்திலுள்ள செயிண்ட் மேரி தேவாலயத்தில் ஹென்றியின் தங்கை மேரியின் கல்லறை இருக்கிறது. திரும்பும் ரயில் நேரத்தை மட்டும் காலையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.