முயலுக்கு வாங்கிய உலர்புல்லை எப்படிச் சேமிப்பது? கெட்டுவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பலரும் செய்யும் தவறு, புல்லைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைப்பது. நன்கு காய்ந்த டிமோத்தி (முயலுக்கு உணவாகக் கொடுக்கும் ஒரு புல்வகை) புல்லிலும் பத்து சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். மூடிய டப்பாவில் அது வியர்த்து, பூஞ்சணம் பிடித்துவிடும். அட்டைப்பெட்டியோ பருத்திப் பையோ போதும். தரையில் வைக்காமல் பலகை மேல், வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பழையது தீர்ந்த பிறகே புதியதைக் கொட்டுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வெயில் பட்ட மேற்பகுதி வெளிறியிருந்தாலும் உள்ளே பச்சையாக இருக்கலாம். மூக்கைத்தான் நம்ப வேண்டும்: நல்ல புல் இனிய புல்வாசம் வீசும், கெட்டது ஈரத்துணி போல முடைநாற்றம் அடிக்கும். ஒரு பிடி எடுத்து உதறுங்கள். சாம்பல் நிறத்தில் புகை போலத் தூசி கிளம்பினாலோ, கட்டியாக ஒட்டியிருந்தாலோ, கரும்புள்ளி தெரிந்தாலோ, கையை உள்ளே விட்டால் சூடாக இருந்தாலோ முழுவதையும் எறிந்துவிடுங்கள். கெட்ட பகுதியை மட்டும் நீக்கினால் போதாது. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை வித்துகள் மற்றதிலும் பரவியிருக்கும், அவை முயலின் நுரையீரலையும் குடலையும் பாதிக்கும்.

ஒரு வருடம் தாண்டிய புல்லில் வைட்டமின் குறைந்தாலும் நார்ச்சத்து இருக்கும். வாசம் நன்றாக இருந்தால் கொடுக்கலாம். ஆனால் புதுப் புல்லையும் தொடாமல் முயல் பட்டினி கிடந்தால் அது புல்லின் குறையல்ல, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.