பழைய ஒயின் கிளாஸ்களில் 18,000 பவுண்டு போடலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். எனக்கு 46 வயது. பழைய ஒயின் கிளாஸ்கள் மேல் ரொம்ப நாளாக ஆசை. வெள்ளிக்கிழமை காலைகளில் பெர்மண்ட்சி பழம்பொருள் சந்தைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே பழக்கமான ஒரு வியாபாரி தன்னிடமுள்ள தொகுப்பை மொத்தமாக 18,000 பவுண்டுக்குத் தருவதாகச் சொல்கிறார்: 18-ஆம் நூற்றாண்டு ஒயின் கிளாஸ்கள் பன்னிரண்டு (ஒன்றில் ரோஜா பொறித்திருக்கிறது), டிகேண்டர் (ஒயின் ஊற்றிப் பரிமாறும் கண்ணாடிக் குடுவை) மூன்று, மகாகனி செல்லரெட் (ஒயின் பெட்டி) ஒன்று, ஒயின் பெயர் எழுதிக் குடுவைக் கழுத்தில் தொங்கவிடும் சில வெள்ளி லேபிள்கள், தந்தப் பிடி போட்ட கார்க் திருகி ஒன்று. பத்து வருஷத்தில் விலை இரண்டு மடங்காகும், ஒயினைப் போலவே இதற்கும் வரி கிடையாது என்கிறார். எங்கள் சேமிப்பே 25,000 பவுண்டுதான். மகள் மூன்று வருஷத்தில் பல்கலைக்கழகம் போவாள். மனைவிக்குச் சம்மதமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மொத்தமாக வாங்காதீர்கள். ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. இந்தப் பொருள்கள் எனக்கும் பிடித்தவை, அதனாலேயே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பழம்பொருளுக்கு வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை வேறொன்று. ஏலத்தில் ஒரு பொருள் 10,000 பவுண்டுக்கு முடிகிறது என்று வையுங்கள். வாங்குபவர் அதன்மேல் ஏல நிறுவனத்துக்கு 25% பிரீமியமும் (கட்டணம்), அந்தப் பிரீமியத்துக்கு 20% வாட் வரியும் கட்டினால் அவருக்கு அடக்கம் 13,000. விற்றவரிடம் 15% கமிஷனும் அதற்கு வாட்டும் பிடித்தால் அவர் கைக்கு வருவது 8,200. இப்போது நீங்கள் 13,000 கொடுத்து வாங்கியவர். போட்ட பணம் அப்படியே திரும்ப வேண்டுமானால், அடுத்த ஏலத்தில் அது ஏறக்குறைய 15,850-க்குப் போக வேண்டும். லாபமே இல்லாமல் முதலை மட்டும் மீட்க, ஏலவிலை 10,000-இலிருந்து 58% ஏற வேண்டும்! பத்து வருஷம் வைத்திருந்தால் ஆண்டுக்கு 4.7%. விலைவாசி உயர்வும் இன்சூரன்ஸும் இந்தக் கணக்கில் சேரவில்லை. கடைவிலைக்கு வாங்கினால் இடைவெளி இன்னும் பெரிதாகத்தான் இருக்கும்.

வரி பற்றி வியாபாரி சொன்னது தவறு. ஒயினுக்கு விலக்கு கிடைப்பது, 50 வருஷத்துக்குள் கெட்டுத் தீர்ந்துபோகும் பொருள் என்ற கணக்கில், அதுவும் எல்லா ஒயினுக்கும் இல்லை. 250 வருஷம் தாண்டி நிற்கும் கிளாஸை அப்படிச் சொல்ல முடியுமா? இதற்குப் பொருந்துவது வேறு விதி: ஒரு பொருளை 6,000 பவுண்டு அல்லது அதற்குக் கீழே விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. அதற்கு மேல் போனால் வரி உண்டு. ஆனால் வரிக்கு உட்படும் ஆதாயம், 6,000-க்கு மேலுள்ள தொகையை ஐந்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் வருவதைத் தாண்டாது. 2,000-க்கு வாங்கி 9,000-க்கு விற்றால் ஆதாயம் 7,000 என்றாலும் 5,000 என்றே எடுப்பார்கள். அதிலும் ஆண்டு விலக்கு 3,000 கழியும். ஒரே செட்டைச் சேர்ந்த ஆறு கிளாஸ்களை ஒன்றொன்றாக ஒரே ஆளுக்கு விற்றாலும் அது ஒரே பொருள்தான். மறுபக்கம் ஒன்று உண்டு: 6,000-க்குள் வாங்கியதை நஷ்டத்துக்கு விற்றால், அந்த நஷ்டத்தை வேறு ஆதாயத்தில் கழிக்க முடியாது.

அடுத்து அந்தக் கார்க் திருகி. இதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. இங்கிலாந்தின் தந்தச் சட்டம் 2018-இல் நிறைவேறி 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். 1947-க்கு முந்தைய பொருளில் தந்தம் 10%-க்கும் குறைவாக இருந்தால் பதிவு செய்து விற்கலாம். ஆனால் கார்க் திருகியில் பிடிதானே பெரும்பகுதி? அபராதம் இரண்டரை லட்சம் பவுண்டு வரை போகலாம், சிறையும் உண்டு. ஒருவேளை அது எலும்பாக இருக்கலாம். எலும்புப் பிடிகள் அந்தக் காலத்தில் ஏராளம். எலும்பில் சிறுசிறு கரும்புள்ளிகள் தெரியும், யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். வியாபாரி தந்தம் என்றே சொல்லி விற்றால் தொடாதீர்கள்.

செல்லரெட், பூட்டுப் போட்டு உள்ளே ஈயத்தகடு பதித்த ஒயின் பெட்டி. அழகான சாமான், ஆனால் முதலீடு அல்ல. ஜார்ஜியன் (18-ஆம் நூற்றாண்டும் 19-இன் தொடக்கமும்) மகாகனிச் சாமான்கள் 2000-களின் தொடக்கத்தில் விற்ற விலையில் பாதிகூட இன்று பல நேரம் கிடைப்பதில்லை. வீடுகள் சிறுத்துவிட்டன, தனிச் சாப்பாட்டு அறையே பலருக்கு இல்லை. வீட்டில் வைத்துப் பயன்படுத்த வாங்குபவருக்கு இது நல்ல காலம். மறுபடி விற்று லாபம் பார்க்க நினைப்பவருக்கு அப்படி இல்லை.

கிளாஸ்களுக்கு வருவோம். கண்ணாடி தயாரித்த ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-இல் காப்புரிமை வாங்கிய பிறகு வளர்ந்தது இங்கிலாந்தின் ஈயக் கண்ணாடி (ஈயம் கலந்த கண்ணாடி). 1745-இல் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி போட்டார்கள். கிளாஸ்கள் சிறுத்தன, எடை குறைந்தது. தண்டுக்குள் காற்று இழையும், பிறகு வெள்ளை நூல் திரித்தது போன்ற முறுக்கும் பரவியதற்கு இந்த வரியும் ஒரு காரணம் என்பார்கள். வரி போட்ட ஒரு கண்ணாடி நம் கையில் இவ்வளவு அழகாக வந்து சேர்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ரோஜா பொறித்த கிளாஸில் மிகவும் கவனமாக இருங்கள். அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச வாரிசுகளை ரகசியமாக ஆதரித்த ஜேக்கபைட்டுகளின் அடையாளம் அந்த ரோஜாவும் மொட்டும். அதனால் விலை பல மடங்கு. கிளாஸ் அசல் 18-ஆம் நூற்றாண்டு, பொறிப்பு மட்டும் பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்பது இதில் பழைய ஏமாற்று. தனியாக ஒரு நிபுணர் பார்க்காமல் அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

மற்ற கிளாஸ்களை நீங்களே ஓரளவு பார்க்கலாம். அடித்தட்டு வாயைவிட அகலமாக இருக்கிறதா? இல்லையென்றால் விளிம்பு உடைந்து தேய்த்துச் சரிசெய்ததாக இருக்கலாம். அப்படியானால் மதிப்பு பெரிதும் விழும். அடியில், செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து பிரித்தெடுத்த வடு விரலுக்குத் தட்டுப்படும். கீறல்கள் பல திசையிலும் தாறுமாறாக இருக்க வேண்டும். ஒரே சீராக இருந்தால் யாரோ தேய்த்தது. டிகேண்டரின் கழுத்திலும் மூடியிலும் எண் கீறியிருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நான் ஒருமுறை பாராமல் வாங்கி, மூடி வேறொன்றுடையது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டேன். டிகேண்டரில் ஊற்றிப் பரிமாறலாம், நாள்கணக்கில் ஊற்றி வைக்காதீர்கள், ஈயம் கசியும். வெள்ளி லேபிள் 1790-க்கு முந்தையது என்றால் முழு முத்திரை இல்லாமல் இருக்கலாம், அதற்காகப் போலி என்று தள்ள வேண்டாம்.

சரி, பணம். 25,000-இல் ஆறு மாதக் குடும்பச் செலவை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் ஒதுக்குங்கள். மிச்சத்தை மகளுக்காக ரொக்க ஐசாவில் (வட்டிக்கு வரியில்லாத சேமிப்புக் கணக்கு) வையுங்கள். கல்விக் கட்டணத்துக்குக் கடன் கிடைத்துவிடும். ஆனால் வாழ்க்கைச் செலவுக்கான கடன் பெற்றோரின் வருமானம் ஏற ஏறக் குறையும், அந்த இடைவெளிதான் உங்கள் பாக்கெட்டில் விழும். மூன்று வருஷத்தில் தேவைப்படும் பணத்தை, விற்கவே மாதக்கணக்கில் ஆகும் பொருளில் பூட்டக் கூடாது. உங்கள் மனைவி தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

ஆசைக்கு மாதம் 40 பவுண்டு தனியாகப் போட்டு வாருங்கள். வருஷம் 480. எளிய முறுக்குத் தண்டுக் கிளாஸ்கள் ஏலத்தில் சில நூறு பவுண்டுக்கே கிடைக்கின்றன; வருஷத்துக்கு ஒன்று, பழுதில்லாதது, போதும். வாங்கும்போது காலம், செய்த பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு சவுத் கென்சிங்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் கண்ணாடிக் கூடத்துக்குப் போய் வாருங்கள், கட்டணம் கிடையாது.