டெக்சாஸ் சிற்றூர் ஹைஸ்கூல்: கேளுங்கள், சொல்கிறேன்

(டெக்சாஸ் சிற்றூர் ஒன்றின் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறேன். விசா பற்றி வக்கீலிடம் கேளுங்கள்.)

கேள்வி: பையன் ஒன்பதாவது சேரப்போகிறான். வகுப்பில் நாற்பதே பேராம். நல்ல காலேஜ் கிடைக்குமா?

பதில்: 1997இல் வந்த மாநிலச் சட்டப்படி, வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. உங்கள் பள்ளியில் அது நாலு பேர். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் வரம்பை இன்னும் இறுக்கியிருக்கிறது. இடம்தான் உறுதி, கேட்ட பாடப்பிரிவு அல்ல.

சிக்கல் வேறு இடத்தில். ஏபி வகுப்புகள் (பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) ஒன்றிரண்டுதான் இருக்கும். கால்குலஸுக்கு ஆள் சேராவிட்டால் அந்த வருடம் வகுப்பே இருக்காது. அப்போது கைகொடுப்பது டூயல் கிரெடிட்: கம்யூனிட்டி காலேஜ் பாடத்தை இப்போதே படித்தால் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் சேரும். பள்ளி திறப்பதற்குள் கவுன்சலரைப் போய்ப் பாருங்கள். ரேங்க் கணக்கு பெரும்பாலும் ஒன்பதாவதிலேயே தொடங்கிவிடும். பிளஸ் டூவில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்மூர்க் கணக்கு இங்கே ஓடாது.

கேள்வி: சேர்க்க என்னென்ன வேண்டும்? விசாவைக் கேட்பார்களா?

பதில்: முகவரிச் சான்று, தடுப்பூசி விவரம், பிறப்புச் சான்றிதழ், பழைய மதிப்பெண் பட்டியல். கல்விக் கட்டணம் கிடையாது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் அது. வழக்கு கிளம்பியதே இதே மாநிலத்து டைலர் ஊரில்தான்.

கேள்வி: இணையத்தில் பள்ளிக்குப் பத்துக்கு நாலு என்று போட்டிருக்கிறதே?

பதில்: அந்த எண்ணில் பெரும்பங்கு தேர்வு மதிப்பெண். பள்ளி எப்படி நடக்கிறது என்று தெரிய, அதை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு கூட்டத்தில் ஒருநாள் போய் உட்காருங்கள், யாரும் போகலாம்.

கேள்வி: பெண் பத்தாவது. ரேங்க் எப்போதிலிருந்து?

பதில்: முதல் பதில். ஒன்பதாவது!

கேள்வி: வெள்ளிக்கிழமை ஆனால் ஊரே ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல, அமெரிக்க ஆட்டம்) மைதானத்தில். அந்தப் பணத்தில் லேப் கட்டலாமே?

பதில்: மைதானம் பெரும்பாலும் பாண்ட் பணத்தில் வருவது. ஊரார் ஓட்டுப் போட்டு வாங்கும் கடன் அது. அதை எடுத்து ஆசிரியருக்குச் சம்பளம் தர முடியாது. லேப் கட்டலாம், ஆனால் யாராவது கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். ஓட்டுரிமை இல்லாத நாமும் பேசலாம்.

கேள்வி (வேறொருவர்): ஃபுட்பாலைக் குறை சொல்லாதீர்கள். அதற்காகத்தான் என் மகன் படிக்கிறான்.

பதில்: பாதி உண்மை! 1984இல் வந்த ‘நோ பாஸ், நோ ப்ளே’ சட்டப்படி, ஒரு பாடத்தில் எழுபதுக்குக் கீழே போனால் ஆட்டம் நிற்கும். திங்கட்கிழமை என் மேசைக்குப் பயிற்சியாளரே வந்து நிற்பார். மிகச் சிறிய பள்ளிகளில் ஆறு பேர் ஃபுட்பால். 1934இல் நெப்ராஸ்காவில் ஓர் ஆசிரியர் உருவாக்கியது. மைதானம் எண்பது கெஜம், ஆறு பேருமே எறியும் பந்தைப் பிடிக்கலாம், பாதி ஆட்டத்துக்குப் பிறகு நாற்பத்தைந்து புள்ளி முந்தினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பெரிய பள்ளியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் இங்கே தாக்குதல், தடுப்பு என இரண்டு பக்கமும் ஆடுவான். லேப் வேண்டும் என்பவரும் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

கேள்வி: ஒன்பதாவது மார்க் ரேங்கில் சேருமா?

பதில்: மேலே.